பூ வீட்டுச் சுவரும் இரண்டு வரிசைச் செங்கலும்

சிமென்ட் ஜாலி வழியாக வரும் வெயிலுக்கு ஒரு வடிவம் உண்டு. எங்கள் வீட்டில் அது நாலு இதழ்ப் பூ. காலையில் சுவரில் இருக்கும். உம்மா சோறு வடிக்கும் நேரத்தில் தரைக்கு இறங்கிவிடும்... நானும் தங்கச்சியும் பூமேல் கால் படாமல் தாண்டித் தாண்டி நடப்போம்.

வியட்நாமின் சைகோனில், கான் ஹொய் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அகலம் குறைந்து, ரயில் பெட்டி போல நீண்ட வீடுகள். அங்கே யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். வாசல் வழியே உள்ளே தெரியும் ஜாலியின் வடிவத்தைச் சொல்வார்கள்: மீன்செதில் வீடு, விசிறி வீடு. நாங்கள் பூ வீடு. எங்கள் ஜாலியின் துளையில் ஒரு சின்னக் கிண்ணம் நுழையும். சாரலைத் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடும். அந்த ஊர் வெக்கைக்கு அதுதான் மருந்து.

பின்னாளில் காற்றோட்டம் பற்றிப் பாடம் நடத்தும்போது பால் டின்னைக் காட்டுவேன். ஒரு ஓட்டை போட்டால் பால் சரியாக வராது. இரண்டு போட்டால் கொட்டும். வீடும் அப்படித்தான் பிள்ளைகளா, என்பேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஓட்டை சந்துப் பக்கத்து வாசல். இன்னொன்று அந்த ஜாலி.

போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் வாப்பாவின் துணிக்கடை மூடப்பட்டது. ஜாலிக்குப் பின்னால் கால்வாயைப் பார்த்துத் திறந்திருந்த எங்கள் சரக்கறை, வடக்கிலிருந்து கைக்குழந்தையோடு வந்த லான் என்ற பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அவருக்கு வார்டு அலுவலகத்தில் வேலை. ஒரே வீடு இரண்டு வீடாயிற்று. நடுவில் அந்தத் துளைச் சுவர் மட்டும்.

வாப்பாவுக்குப் பயம். காரைக்காலுக்குத் திரும்ப மனுப் போட்டுக் காத்திருந்தோம். ஏதாவது ஒரு பேச்சு அலுவலகக் காதில் விழுந்து காரியம் கெட்டுவிட்டால்?

"ஜாலிய அடைச்சிடப் போறேன். நாம பேசுறதெல்லாம் அந்தப் பக்கம் கேக்குது."

"நாம பேசுறது தமிழுங்க. அந்தப் பொம்புளைக்கு என்னத்த வெளங்கும்?"

"ரேடியோ தமிழா பேசுது?"

புது ஆட்சிக்குப் பிடிக்காத வெளிநாட்டுச் செய்தியை வாப்பா தினமும் கேட்பார். ஆனால் உம்மாவுக்கு இழுப்பு. மதியம் கரண்ட் போனால் ஜாலியோரம் பாய் விரித்து, அந்தக் காற்றில்தான் மூச்சுவிடுவார்.

"ரேடியோவ வித்துடலாம். வேற நெஞ்சு வாங்க முடியுமா?" என்றார் உம்மா.

வாப்பா கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய செங்கல் கொண்டுவந்து, ஜாலியை ஒட்டிக் கீழிருந்து கட்டத் தொடங்கினார். உம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு வரிசை முடிந்தபோது, துளைகளுக்கு அந்தப் பக்கம் லானின் முகம் தெரிந்தது.

அவர் பேசியது வியட்நாமிய மொழி. எனக்கு என்னவோ தமிழாகவே நினைவிருக்கிறது.

"அண்ணே, அடைக்காதீங்க. தப்பு எம்மேலதான். நீங்க பன்னிக்கறி சாப்பிடாதவங்கன்னு நேத்துதான் சந்துல சொன்னாங்க. அடுப்பக் கால்வாய்க்கரைக்குத் தூக்கிட்டேன். இனிமே வாடை வராது. இத அடைச்சா இந்தப் பக்கமும் காத்து நின்னுடும்ணே... புள்ள தூங்காது."

வாப்பா சாந்துக் கரண்டியும் கையுமாக நின்றார். வாடை பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெண் எங்களுக்காக வெயிலில் நின்று சமைக்கத் தொடங்கியிருந்தார்.

"சொல்லுங்களேன், எதுக்கு அடைக்கிறீங்கன்னு," என்று உம்மா தமிழில் குத்தினார்.

வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு லானிடம் சொன்னார்: "அடைக்கலைம்மா... கிண்ணம் வைக்க ஒரு திட்டு கட்டுறேன். அடுப்ப உள்ளயே வச்சுக்க."

உம்மா சிரித்த சிரிப்பில் இழுப்பே வந்துவிட்டது.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே! மறுநாள் உம்மா அந்தத் திட்டில் ஒரு கிண்ணம் சேமியா வைத்தார். அது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோடு திரும்பி வந்தது. அப்புறம் கிண்ணம் போவதும் வருவதுமாகவே இருந்தது. ரேடியோ மட்டும் தலையணைக்கு அடியில் போயிற்று.

எங்களுக்கு அனுமதி கிடைத்துப் புறப்பட்ட அன்று, உம்மா கிண்ணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

ஓய்வு பெற்றபின் காரைக்காலில் வீடு கட்டினேன். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில், அவர்களையும் கேட்டுக்கொண்டு, ஜாலி வைக்கச் சொன்னேன். "தூசி வரும், கொசு வரும் டீச்சர்" என்றார் கொத்தனார். வரட்டும் என்றேன். கீழே இரண்டு வரிசைத் திட்டும் கட்டச் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ஏசி போட்டதும் அவர்கள் பக்கம் பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். பெருநாளுக்குத் தவறாமல் வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். காற்றுதான் வருவதில்லை... வெயிலும் பூவாக விழுவதில்லை.

திட்டில் இப்போது வைஃபை பெட்டி இருக்கிறது. ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன், ஒரு கிண்ணத்துக்கு இடம் விட்டு.