எழுபத்தொரு மணி பதினேழு நிமிடம்

எழுபத்திரண்டு மணி நேரம். மின்வண்டி சார்ஜிங் நிலையம் அவ்வளவு நேரம் நிற்காமல் ஓடினால்தான் நான் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். போட்டால்தான் அரசு மானியம் வரும். நான் இயற்பியல் படித்தவள். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இது நடந்தது.

ஆம்பூர் பைபாஸ் ஓரம், பழைய தோல் ஷெட்டை இடித்துவிட்டு லியாகத் அலி பாய் கட்டிய நிலையம். மானியத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தையே பேங்கில் வைத்திருந்தார். இரண்டு வாரம், செவ்வாய் மதியம் 2.00 மணிக்குச் சோதனை தொடங்கினோம். இரண்டு வாரமும் வெள்ளி மதியம் 1.17க்கு நின்றது. யாரோ சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்கியிருந்தார்கள்.

“பசங்க வேலைம்மா. ஒரே பேஜாரு,” என்றார் பாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் பட்டன் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு, சுற்றி சீல் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய பாய் நின்றார். “உள்ள தனியா இருக்காதம்மா. ரோட்டாண்ட நின்னுக்க.”

“பரவால்ல பாய்.”

1.05. கடை ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ரோட்டில் ஆள் இல்லை. மெஷினுக்குள் விசிறி மட்டும்... ம்ம்ம்ம்...

1.12. கருகிய வாடை. தோல் வாடை எனக்குப் பழக்கம். இது வேறு.

1.16. மூடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. யாரோ மூச்சு விட்டதுபோல...

1.17.

டக்.

மூடிக்குள் பட்டன் தானாக உள்ளே போனது. சீல் கிழியவில்லை.

விசிறி நின்றது.

மூடியைப் பிய்த்தேன். பட்டனை விடுவிக்கத் திருகினேன். வெளியே வரவில்லை...

என் விரல்கள் மேல் இன்னொரு கை.

சூடு.

விடாமல் அமுக்கியது.

பாய் திரும்பியபோது நான் ரோட்டில் நின்றிருந்தேன். என் கையில் ஐந்து விரல் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“யாரு பாய்?”

“முஜாஹித். வயர் வேலைக்கு வந்தான். போன வருஷம்... வெள்ளிக்கிழமைதான், இதே நேரம். எல்லாரும் தொழுவப் போய்ட்டாங்க. நானும் அவனும்தான். அவன் கை மெஷின் உள்ள கரண்ட்ல ஒட்டிக்கிச்சு. ‘பட்டன் பாய், பட்டன்’ன்னான்.”

“நீங்க அமுக்கலையா?”

பாய் நிலையத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“மானியத்துக்கு மனு போட அன்னைக்குக் கடைசி நாளு. மெஷின் ஓடுற மாதிரி போட்டோ அனுப்பணும். பட்டன் வந்து சேரல. அப்பறம் மாட்டிக்கலாம், கரண்ட்டக் குடுடான்னு நான்தான் சொன்னேன்... அந்த எடத்துல வெறும் ஓட்டைதாம்மா இருந்துச்சு.”