பத்தொன்பது நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பத்தொன்றுக்கு என் மகளின் கல்யாணம் ஒத்திவைக்கப்பட்டது. எனக்கு அது ஒன்பது ஐம்பதுக்குத்தான் தெரியவந்தது. இடையில் இருந்த ஒன்பது நிமிடமும் நான் பேர்னில் என் அலுவலகக் கூட்ட அறையில் நின்று, வேலைக்குப் புதிதாக வந்த இருவருக்கு, கடவுச்சொல்லை ஏன் எவருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஜேர்மன் மொழியில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

கைபேசி மூன்றாம் தரமும் அதிர, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மகள்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா, கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறதெண்டா முதல் எனக்கெல்லோ சொல்லவேணும்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அழைக்கப்பட்டிருந்த நூற்றெண்பத்து மூன்று பேருக்கும் தமிழிலும் ஜேர்மனிலும் போர்த்துக்கேய மொழியிலும் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. "தவிர்க்க முடியாத காரணத்தால் எங்கள் மகளின் திருமணம் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும்." கீழே என் பெயரும் கணவரின் பெயரும். மூன்று மொழியிலும் ஒரு பிழை இல்லை. ஏனென்றால் அதை எழுதியவள் நான்.

இருபத்திரண்டு வருடமாக நான் அலுவலகத்தின் கணினிச் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். கெட்டது நடக்கும் முன்பே அதை யோசித்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை பிரேசில்காரர், மகளோடு படித்தவர். இரண்டு கண்டத்து ஆட்களை ஒரு மண்டபத்தில் இருத்துவதென்றால் சும்மாவா? எங்கள் சப்பாத்து அலுமாரிக்கு மேலே, அலுவலகம் கழித்துவிட்ட ஒரு பழைய சேர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கல்யாணத்துக்கென்று ஓர் இணையத்தளம் செய்தேன். யார் சைவம், யார் மாட்டிறைச்சி தொடாதவர், யாருக்கு விமான நிலையத்திலிருந்து ரயில் வழி சொல்லவேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதோடு நிற்கவில்லை. மண்டபம் மாறினால் ஒரு கடிதம், நேரம் மாறினால் ஒரு கடிதம், ரயில் ஓடாவிட்டால் ஒரு கடிதம், ஒருவருக்குக் கடும் சுகவீனம் என்றால் ஒரு கடிதம், கல்யாணமே தள்ளிப்போனால் ஒரு கடிதம். ஐந்தையும் தமிழிலும் ஜேர்மனிலும் எழுதி, போர்த்துக்கேயத்துக்குக் காசு கொடுத்து மொழிபெயர்ப்பித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் வைத்தேன். அமத்தினால் எல்லாருக்கும் போகும். எனக்கு அது நிம்மதியைத் தந்தது.

அந்தப் பொத்தானை அமத்தியவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு நிமிடம் எடுத்தது. சேர்வர் எல்லாவற்றையும் எழுதிவைக்கும். யார் உள்ளே வந்தார், எந்த நேரம், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று ஒவ்வொரு வரியாக. எங்கள் ஊர்க்காரர் இங்கே நடத்தும் சங்கத்தின் பெயரில் உள்ள பயனர். சோலோதுர்ன் நகரில் இருக்கும் ஓர் இணைய இணைப்பு. அங்கே இருப்பவர் சங்கத் தலைவர், என் கூடப்பிறந்த அண்ணை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தையும் நான்தான் அதே இயந்திரத்தில் இலவசமாக வைத்திருந்தேன். பல வருடத்துக்கு முன் அண்ணை, "பிள்ளை, ஒவ்வொரு படம் போடவும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலுமே" என்று கேட்டார். முழு இயந்திரத்துக்கும் உரிய திறப்பை, தலைமைக் கடவுச்சொல்லை, கொடுத்தேன். அலுவலகத்தில் நிறுவன முதலாளி கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அண்ணையிடம், உங்களுக்கு இந்தப் பக்கம் மட்டும், அந்தப் பக்கம் வராதேங்கோ என்று எப்படிச் சொல்வது? என்னை இந்த நாட்டுக்கு எடுத்தவர் அவர். அகதி முகாமுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவர். அவருக்கு அரைத் திறப்புக் கொடுப்பது அவரைப் படியில் நிறுத்திவைத்துக் கதைப்பது மாதிரி எனக்குப் பட்டது.

வேலைக்கு வரும் இளையவர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஒருவருக்கு அனுமதி கொடுக்கும் முன், அதை அவரிடமிருந்து திரும்ப எடுக்க உனக்குத் துணிவு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கொடுக்காதே. ஒரே இயந்திரத்தில் இரண்டு குடும்பத்தைக் குடிவைக்காதே. அவர்கள் தலையாட்டுகிறார்கள். நானும் ஒரு காலம் தலையாட்டியவள்தான்.

அண்ணைக்குக் கோபம் இருந்தது எனக்குத் தெரியும். ஷாஃப்ஹவுசனில் இருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தவர் அவர். மகள் வேண்டாம் என்றாள். அவர் ஏற்கெனவே அந்த ஆட்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஆனாலும் கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைக்க நான் ஆயத்தமாக இருந்தேன். ஆயத்தமாக மட்டுமல்ல, ஆசையாகவும் இருந்தேன். பிறகு பதிவின் மேல் வரிகளைப் பார்த்தேன். ஒன்பது இருபத்திரண்டுக்கு அந்தக் கடிதத்தின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அமத்தியிருக்கிறார். இடையில் பத்தொன்பது நிமிடம். வாசித்திருப்பார், எழுந்து போயிருப்பார், தேத்தண்ணி குடித்திருப்பார், திரும்ப வந்து வாசித்திருப்பார். அமத்தியதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். அந்தப் பத்தொன்பது நிமிடத்தை மறக்கமாட்டேன்.

அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை.

"எழுதினது நீதானே, தங்கச்சி. நான் ஒரு எழுத்துக்கூட மாத்தேல்லை. எல்லாருக்கும் யோசிக்கக் கொஞ்ச நாள் குடுத்தன். பிற்காலத்தில நன்றி சொல்லுவாய்."

"பிரேசிலில மாப்பிள்ளையின்ர தாயும் யோசிக்கிறா, அண்ணை."

"யோசிக்கட்டுமன். யோசிச்சா நல்லதெல்லோ."

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். வைகாசியில் இங்கே நடந்த கல்யாணப் பதிவுக்கு வர அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. தாலி கட்டுவதையாவது பார்க்கவேண்டும் என்று கோடைக்கு விடுமுறை எடுத்திருந்தார். எங்கள் கடிதம் போனபோது அங்கே விடிய ஐந்து மணியாகவில்லை. வேலைக்குப் புறப்படும்போது வாசித்தவர், அன்றே விடுமுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பயணச் சீட்டையும் ரத்துச் செய்துவிட்டார். மகனுக்கு ஒரே வரி எழுதினார்: அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை, பரவாயில்லை. மாப்பிள்ளை என்னிடம் கோபப்படவில்லை. மகள் வழியாக ஒன்றைத்தான் சொன்னார். பதிவு முடிந்துவிட்டது, தாங்கள் கணவன் மனைவிதான். ஆனால் அம்மா இல்லாத மேடையில் தான் ஏறமாட்டார்.

பத்தேகால் மணிக்கே திருத்தக் கடிதம் அனுப்பினேன். அந்தக் கடிதத்தில்தான் இரண்டாவது பிழையைச் செய்தேன். "சேர்வரில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறினால்" என்று எழுதினேன். என் இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. என்னை நம்பிப் பத்து வருடம் ஓடிய இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டேன், அண்ணையின் மானத்தைக் காப்பாற்ற. எங்கள் ஆட்கள் நம்பினார்கள், அல்லது நம்பியதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் பதில் எழுதவில்லை. ஒரே ஆளின் பெயரில் இரண்டு கடிதம், ஒன்று வராதே என்கிறது, மற்றது வா என்கிறது. நானாக இருந்தாலும் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

கணவர், "உம்மட அண்ணர்தானே, விடும்" என்றார். நான் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் இருந்தது. அண்ணையின் வருடத்தில் அதுதான் பெரிய நாள். பேச்சை மாசியிலேயே எழுதத் தொடங்கிவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், முதலில் அவருடைய திறப்பைப் பறித்தேன். பிறகு சங்கத்தின் பெயரில் எல்லா அங்கத்தவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். "தவிர்க்க முடியாத காரணத்தால் எங்கள் ஒன்றுகூடல் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும்." கீழே அவருடைய பெயர். மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பத்தொன்பது நிமிடம் இருந்தேன். பிறகு திருத்தம் அனுப்பினேன்.

ஷாஃப்ஹவுசனில் ஒன்றுகூடலுக்கு வாடகை பஸ் பிடித்திருந்தவர்களும் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்தவரும் அவரை அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் எத்தனை தரம் அழைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் தொழிலில் இது வேலை போகும் குற்றம். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அன்று வாங்கிய சூப் ஆறிப்போயிருந்தது, அதை முழுவதும் குடித்தேன்.

மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"மாமாவும் நீங்களும் ஒரே பட்டனைத்தானே அமத்தினீங்கள்" என்றாள். "இதால அவரின்ர அம்மா வருவாவோ?"

வரமாட்டார். அது சரி. அண்ணைக்குத் திருப்பி அடித்தேன், ஆனால் அந்த மனுஷிக்கு இன்னும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் சேர்வரின் பதிவில் இருந்த அந்த இரண்டு வரியையும் படமெடுத்தேன். அதன் கீழே நான்கு வசனம் எழுதி மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தேன். இயந்திரம் பிழை செய்யவில்லை. என் அண்ணன் வேண்டுமென்றே செய்தான். திறப்பைக் கொடுத்தவள் நான். வெட்கத்தில் உங்களுக்குப் பொய் எழுதினேன். சம்பந்தி வீட்டுக்குக் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பது எங்கள் ஆட்கள் செய்கிற வேலையில்லை. அது பழிவாங்கலா உண்மையா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. வாசித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

கோயிலில் ஐயர் கல்யாணத்துக்குரிய ஆட்களை எழுதிக்கொண்டு வந்தவர், "தாய்மாமன் உங்கட அண்ணர்தானே, சோலோதுர்ன்" என்றார். இல்லை என்றேன். "உயிரோட இருக்கிறாரே?" என்றார். "இருக்கிறார். எங்களுக்கு இல்லை" என்றேன். அவர் பேனையை மூடிவிட்டு வேறு விஷயம் கதைத்தார்.

கல்யாணத்தன்று காலை எங்கள் வீட்டில் பெண்ணுக்குப் பாலறுகு வைக்கவேண்டும். பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து, தேங்காய் உடைத்து, பிறகு தலையில் தண்ணீர் ஊற்றித் தோயவார்ப்பது. தாய்மாமன் தொடங்கிவைக்கும் முறை. ஆறரைக்கு மணி அடித்தது. திறந்தேன். பட்டு வேட்டி, சால்வை, கையில் மஞ்சள் பூசிய தேங்காய். ஒன்றும் நடக்காத மாதிரி அண்ணை சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதேங்கோ, அண்ணை. ஒத்திவைச்சாச்சு."

"எதை?"

"உங்கட முறையை. புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும்."

அவர் என்னைப் பார்த்தார். முகாம் வாசலில் என் பையை வாங்கிக்கொண்ட அதே முகம். அவர் ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு சொல், விட்டிருப்பேனோ என்னவோ. தேங்காயை வாசல் மிதியடியில் வைத்துவிட்டுப் படியால் இறங்கிப் போனார். பாலறுகைக் கணவரின் தமையன் வைத்தார். அண்ணை விட்டுப்போன தேங்காயை நாங்கள் உடைக்கவில்லை. அது இன்னும் சப்பாத்து அலுமாரிக்கு மேலே, சேர்வருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது.

மண்டபத்தில் முகூர்த்தம் பத்து ஐம்பதுக்கு. பத்தேகாலுக்கும் மாப்பிள்ளை மேடைக்குக் கீழேதான் நின்றார். தாயின் கைபேசி முதல்நாளிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். வந்திருந்தவர்கள் எல்லாரிடமும் அந்த ஒத்திவைப்புக் கடிதம் இருந்தது. எவர் எவரிடம் எதைக் குனிந்து சொல்கிறார் என்று கேட்காமலே எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் நான் என் கைப்பையை வைத்திருந்தேன், வேறு எவரும் இருந்துவிடாமல்.

பத்து முப்பத்தாறுக்கு மண்டபக் கதவு திறந்தது. கட்டையான ஒரு மனுஷி, கசங்கிய பச்சைச் சட்டையோடு, சக்கரம் உடைந்த ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை ஓடினார். அவர் மகனின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பெட்டியையும் மகனிடம் கொடுத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார். படத்தில் பார்த்திருப்பார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நீளமாக எதையோ சொன்னார். மகள் கூறைச் சேலைக்கு முன் உடுக்கும் சேலையோடு மணவறையிலிருந்து இறங்கி வந்து, பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"இயந்திரம் பிழை விட்டதெண்டு நீங்கள் எழுதினவுடன வாறேல்லையெண்டுதான் இருந்தவவாம். உங்கட அண்ணைதான் செய்தவரெண்டு எழுதின பிறகுதான் டிக்கெட் போட்டவவாம்."

அவர் என் கையை விடாமல் இன்னும் ஒரு வசனம் சொன்னார். மகளின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"தனக்கும் ஒரு அண்ணை இருக்கிறாராம்."