ஒன்றாம் இலக்க ஆமை

அடைக்கலநாதன் முற்றத்தில் குந்தியிருந்து, தையற்காரரின் அளவு நாடாவை ஆமையின் ஓட்டுக்கு மேலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு ஆண்கள் சேர்ந்து தூக்கி வந்த பேராமை அது. முருங்கையோடு கட்டியிருந்தார்கள்.

குருநகர்க் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் அவருக்கு வாந்தி வரும். ஆகவே கரையில் இருந்தபடி கடற்பிராணிகளைப் படித்தார். யாழ்ப்பாணக் கம்பஸில் விலங்கியல் படிப்பித்தார். ஆமைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று வெளிநாட்டில் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, ஓர் இடுக்கியோடும் இலக்கம் பொறித்த தகடுகள் நிறைந்த பெட்டியோடும் வந்திறங்கினார். உயிருள்ள ஆமையின் துடுப்பில் தகட்டை மாட்டிக் கடலில் விடவேண்டும். ஆனால் குருநகரில் அவர் சந்தித்த ஆமைகள் எல்லாம் சட்டிக்குள்தான் இருந்தன. பெட்டி திறக்கப்படவே இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அவருடைய மாமா பிலிப்புவின் வலையில் இந்த ஆமை அகப்பட்டிருந்தது. பிலிப்புவுக்குச் சீனி வியாதி, காலில் புண். ஆஸ்பத்திரித் தாதி வேலையில் ஓய்வு பெற்றிருந்த நான் காலையில் போய் மருந்து கட்டிவிடுவேன். அன்றும் கட்டிக்கொண்டிருந்தேன். மாமி லூர்த்தம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இறைச்சி கூடாதெல்லே?" என்று கேட்டார் அடைக்கலநாதன்.

"ஆமை கடலில பிடிச்சது. மீன்தானே?"

"மீனில்லை மாமி. நுரையீரலால மூச்சு விடுறது. முதலை, பாம்பின்ரை இனம். அது முழுக்க இறைச்சி."

லூர்த்தம்மாவின் கை அம்மியில் நின்றது. "அப்ப இவ்வளவு காலமும் வெள்ளியில நாங்கள் திண்டது?"

"இறைச்சி."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"உவன் படிச்சு வந்து எங்கள் எல்லாரையும் நரகத்துக்கு அனுப்பிப்போட்டான். செத்துப்போன உன்ரை கொப்பரும் அங்கைதான்ரா நிப்பார்!" என்றார் பிலிப்பு.

லூர்த்தம்மா அரைத்த கூட்டை வழித்து மூடி வைத்தார். அடைக்கலநாதனின் முகத்தைப் பார்க்கவேண்டும். பெரிய மண்டபத்தில் பேசிக் கைதட்டு வாங்கியவர் போல.

"தம்பி, ஆக்கள் நிக்கேக்கையே தூக்கிக்கொண்டுபோய்க் கடலில விடும்," என்றேன்.

"தகடில்லாமல் விட்டால் அது வெறும் ஆமை, மிஸி. பெட்டி கம்பஸில கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"வெறும் ஆமைக்கும் உயிர் இருக்குமே, தம்பி."

"ஒன்றாம் இலக்கம், மிஸி!" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

கம்பஸில் அலுமாரிச் சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். அவரைத் தேடிப் பிடித்துப் பெட்டியை எடுக்கப் பொழுது பட்டுவிட்டது. அந்தி பட்டபின் கரையில் ஆள் அசைந்தால் நேவி சுடும். விடியட்டும் என்று வீட்டில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பெட்டியும் இடுக்கியுமாக ஓடி வந்தார். முருங்கையடியில் கயிறு மட்டும் கிடந்தது. கிணற்றடியில் ஓடு மல்லாந்து கிடந்தது. குசினியில் கறி கொதித்தது.

"மாமி! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் கத்துறாய்? இண்டைக்குச் சனிக்கிழமை. இறைச்சி தின்னலாம்தானே? இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

எனக்கும் ஒரு கோப்பையில் கறி தந்தார். வாங்கிக்கொண்டேன்.

அடைக்கலநாதன் கிணற்றடிக்குப் போய், ஓட்டைக் கவிழ்த்து வைத்து நாடாவை எடுத்து அளந்தார். முந்தின நாள் அளவேதான். அவர் அளந்து முடியும்வரை லூர்த்தம்மா பொறுத்து நின்று, ஓட்டைத் திரும்ப மல்லாத்தி, கோழிகளுக்கு அதில் தண்ணீர் ஊற்றினார்.