ஜின் கம்பெனிச் சுவரும் என் மாமனாரின் மூக்கும்

ஆனி மாதத்துச் சாரல் சுவரில் அடித்தால் போதும்... கொத்தமல்லியும் எலுமிச்சைத் தோலும் மரப்பிசினும் கலந்த மாதிரி ஒரு வாசம் மெல்லக் கிளம்பி வரும்.

அப்படி மணந்தது எங்கள் ப்ளஸ் டூ வகுப்பறை!

ஆரல்வாய்மொழியில், மலை இரண்டாகப் பிரிந்து காற்றுக்கு வழிவிடும் இடத்தில், ஒரு பழைய கட்டடம். அதில்தான் எங்கள் டுடோரியல் காலேஜ். நான் அக்கவுண்டன்சி சார். என்னை நம்பியும் சில பிள்ளைகள் படித்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் பரிதாபமாக இருக்கிறது.

மகாராஜா காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது அது. மலை மேலே எஸ்டேட் துரைமாருக்குச் சாயங்காலமானால் ஜின் வேண்டும். சீமையிலிருந்து வரும் வரைக்கும் தொண்டை தாங்காது. இங்கேயே காய்ச்சிவிட்டார். ஜூனிபர் என்று ஒரு காய் கப்பலில் வருமாம். கொத்தமல்லிக்கு வடசேரிச் சந்தை.

பிறகு மகாராஜாவின் சமஸ்தானம் போய், எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கூடவே மதுவிலக்கும் வந்தது. கம்பெனிக்குப் பூட்டு. காய்ச்சுகிற செம்புப் பாத்திரத்தை ஏலத்தில் எடுத்து வெட்டி விற்றார்களாம். எங்கள் ஊரில் யார் வீட்டிலாவது செம்புக் குட்டுவத்தில் வெந்நீர் போட்டால், "ஆமா... ஜின்னு கம்பெனிச் செம்பு. குளிச்சா தலை சுத்தும்" என்று கேலி செய்வோம்.

கட்டடம் அதன்பிறகு அரிசி மில்லானது, கயிறு குடோனானது, கடைசியில் டுடோரியல் ஆனது. ஊர் வாயில் மட்டும் எப்போதும் ஜின்னு கம்பெனிதான். "புள்ள எங்க படிக்கான்?" என்றால், "ஜின்னு கம்பெனியில" என்று தாய்மார் கூசாமல் சொல்வார்கள்.

அங்கே மேத்ஸ் எடுத்தவள் ஷீபா. எங்களுக்குள் ஒரு இது... உங்களுக்குப் புரியும். வீட்டில் சொல்லிவிட்டாள். கூடவே எனக்கும் ஒரு எச்சரிக்கை. "அப்பா சரின்னா சரி. அப்பா வேண்டாம்னா நான் அழுவேன்... ஆனா வேண்டாம்தான்."

அப்பா யார்? ரிட்டயர்டு பட்டாளக்காரர். மதுவிலக்குச் சபையின் தலைவர். ஜங்ஷனில் மைக் பிடித்தார் என்றால் குடிக்காதவனுக்கே குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

மாப்பிள்ளையைச் சொல்லாமல் போய்ப் பார்ப்பதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்? ஒரு சாரல் நாளில் வந்து இறங்கினார். முதலில் எதிர் டீக்கடையில் விசாரணை. கடைக்காரர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "தங்கமான ஆளாக்கும். காலையில ஜின்னு கம்பெனிக்குள்ள போனா பொழுது சாஞ்சாத்தான் வெளிய வருவாரு" என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்.

இன்டர்வெல். வகுப்பில் நான் மட்டும். குடையை மடக்கியபடி உள்ளே வந்தவரின் மூக்கு விடைத்தது.

"நீருதான் அக்கவுண்டன்சியா?"

"ஆமா சார்... உக்காருங்க."

"இருக்கட்டும். வாய ஊதும்."

ஊதினேன். ஷீபாவுக்காக நெருப்பையே ஊதியிருப்பேன், வாயை ஊதுவதற்கென்ன? டீ வாசம்தான் வந்திருக்கும். அவர் நம்பவில்லை.

"வாயில இல்ல. ஆனா ரூம்புல அடிக்கே?"

"அது சுவரு சார்."

"சுவரு குடிக்குமோவ்?"

கல்யாணம் கைநழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது. மரியாதையை மறந்து அவர் கையைப் பிடித்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்தினேன். "நீங்களே மோந்து பாருங்க!"

காரை பெயர்ந்த இடத்தில் மூக்கை வைத்தார். கண்ணை மூடினார். ஒரு இழுப்பு... இன்னொரு இழுப்பு... எடுக்கவே காணோம். முகம் ஜெபத்தில் இருப்பதுபோல் கனிந்துவிட்டது.

"மல்லி... எலுமிச்சந்தோலு..." என்று முனகினார். "சாராயமில்ல தம்பி. ஜின்னாக்கும். நல்ல முதல்தரம்."

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற எங்கள் பிரின்சிபால் மெதுவாகக் கேட்டார். "தலைவருக்கு இது எப்பிடித் தெரியும்?"

அப்போதுதான் மூக்கைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"பட்டாளத்துல... ஆபீசர் மெஸ்ஸுக்கு நான் ஸ்டோர் பாத்தேன்."

"பாக்க மட்டுந்தான் செஞ்சியளா?"

மாமா சட்டென்று என் பக்கம் திரும்பினார். ஆம், அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு மாமா! என் தோளில் கை போட்டு வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "ஆவணியில வச்சுக்கிடலாமா? இங்க நடந்தது வெளிய போகாண்டாம், என்னா?"

சபைத் தலைவரின் மானமும் என் கல்யாணமும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றன. பிரின்சிபாலும் வாயைத் திறக்கவில்லை. ஷீபாவிடம்கூட நான் சொன்னதில்லை. இந்தப் பதிவைப் படித்துவிட்டு அவள் எனக்குச் சாப்பாடு போடுகிறாளா என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதே கட்டடத்தில்தான். இப்போது அது ஏசி கன்வென்ஷன் ஹால். சுவரெல்லாம் பளபளவென்று டைல்ஸ், கண்ணாடி, செல்ஃபி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பூந்தோட்டம். பத்திரிகையில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னேன், முழித்தார். ஜின்னு கம்பெனி என்றதும் வண்டி கிளம்பிவிட்டது.

அன்றும் நல்ல சாரல். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாமாவைக் காணோமே என்று மேடைக்குப் பின்னால் தேடிப் போனேன். வெள்ளை ஜிப்பாவும் ஊன்றுகோலுமாக, பழைய கரும்பலகை இருந்த இடத்தில், டைல்ஸில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"வருதா மாமா?"

"சென்ட்டு நாத்தமாக்கும் வருது மக்கா."

நானும் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். ரூம் ஸ்ப்ரே.

"யாருட்டயும் சொல்லல்லியே?"

"ஷீபாட்டகூட சொல்லல்ல."

ஊன்றுகோலால் டைல்ஸை ஒரு தட்டு தட்டினார்.

"இனி சொல்லிக்கிடும். சாட்சி போச்சுல்லா..."