என் வீட்டுக்காரரின் ஹெர்னியா

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் என் வீட்டுக்காரர் டெஸ்ட் எடுக்கச் சம்மதித்தார். அதுவரை எல்லா டெஸ்ட்டும் எனக்குத்தான். ரத்தம், ஸ்கேன், கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது என்று ஒன்று பாக்கியில்லை. எல்லாமே நார்மல் என்றுதான் வரும். "நார்மல்னா ஏன் நிக்கல?" என்பார் என் மாமியார்.

மாமியார் பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அதனால் என் குறை இரண்டு பாஷையிலும் ஊருக்குத் தெரியும். காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் சொல்வார், சொந்தக்காரர்களிடம் தமிழில் சொல்வார். கீரை வாங்கப் போனால் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு கட்டு கூடுதலாகப் போடுவார். எரிச்சலாக வரும். ஆனாலும் வாங்கிக்கொள்வேன், கீரை என்ன பாவம் செய்தது!

பிரேசர் டவுனில் ஒரு ஆஸ்பத்திரி. சுவரெல்லாம் நீலக் கண் வெள்ளைக்காரக் குழந்தைகளின் படம். அந்தக் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் ரிசல்ட்டைக் கேட்டோம்.

"விந்துல உயிரணு இல்லை சார்" என்றார் டாக்டரம்மா.

"கம்மியா இருக்கா டாக்டர்?"

"கம்மி இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

என் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் ஆள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். மடியில் லேப்டாப் வைத்ததா, ஆபீஸ் டென்ஷனா, டிராஃபிக்கில் பைக் சூடா என்று வரிசையாகக் கேட்டார். பெங்களூர் டிராஃபிக்கில் எல்லாரும்தான் போகிறார்கள், பிள்ளையும் பெறுகிறார்கள் என்று வாய்வரை வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெளியே வராவிட்டாலும் விதைக்குள் எங்காவது கொஞ்சம் உருவாகியிருக்கலாம். மயக்கம் கொடுத்து, சின்னதாகக் கீறி, துளித் துளியாகச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் தேடுவார்கள். கிடைத்தால் அதை ஊசியால் என் முட்டைக்குள் செலுத்துவார்கள். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

காரில் ஏறியதும் அவர் அழுதுவிட்டார். பாவமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

கையை விட்டுவிட்டேன்.

"நான் சொல்லல. சொன்னா புருஷனையே காட்டிக் குடுத்துட்டாம்பாங்க. நீங்க சொல்லுங்க. இத்தனை வருஷம் நான் வாங்கின பேச்சுக்கு எனக்கு அது ஒண்ணுதான் வேணும். கோளாறு என்கிட்டதாம்மான்னு உங்க வாயால சொல்லணும்."

"சொல்றேன். ஆபரேஷன் முடியட்டும்."

ஆபரேஷன் அன்று காலையில் எனக்கு மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தார்கள். அடுத்து அவர் உள்ளே போனார். பைல் என் பெயரில்தான் இருந்தது, கோளாறு யாருக்கு இருந்தாலும் பேஷன்ட் பெண்டாட்டிதான் போலிருக்கிறது! நல்லவேளை, தேடியதில் கிடைத்தது. கொஞ்சம்தான், ஆனால் போதும் என்றார்கள். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே, ஏதோ அவரே மைக்ராஸ்கோப் வைத்துத் தேடியது மாதிரி.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமியார். மகன் காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னடா கண்ணா ஆச்சு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதோ, ஆபரேஷன் முடிந்துவிட்டது.

"ஹெர்னியாம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

அடப்பாவி மனுஷா!

மாமியார் என் பக்கம் திரும்பினார். "கேஸ் சிலிண்டர் தூக்க வெச்சியா?"

சாயங்காலம் மாமியாரின் தம்பி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துவிட்டார். அவருக்கு நிஜமாகவே ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில், "எந்தப் பக்கம்டா? எனக்கு வலது" என்றார். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியவில்லை. முழித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் மாமா" என்றார்.

"ரெண்டு பக்கமுமா!"

"அவ்ளோ வேலை வாங்கியிருக்கா" என்றார் மாமியார்.

எனக்கு ஹெர்னியா இல்லாததால் நான் அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவிடம் சொல்வதை என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தவணையாகத் தள்ளினார். கரு வளரட்டும் என்றார். வளர்ந்தது. உள்ளே வைத்து ஒட்டட்டும் என்றார். ஒட்டியது. ஸ்கேனில் இதயத் துடிப்பு கேட்கட்டும் என்றார், கேட்டது. "இப்ப சொன்னா அம்மாவுக்கு பிபி ஏறிடும்" என்றார். என் பிபியை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள், வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கையில் வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி என்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இவளுக்குத்தான் உள்ள கோளாறு. வேற எவனா இருந்தாலும் தாய் வீட்டுக்கு அனுப்பியிருப்பான். எங்க பையன் ஒரு வார்த்தை சொல்லல, வெச்சு வைத்தியம் பாத்தான்."

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். காதருகே குனிந்தார். "இப்ப நீங்க சொல்லலைன்னா, பாட்டுப் பாடற அந்தம்மாகிட்ட மைக்கை வாங்கி நானே சொல்லிடுவேன்" என்றேன்.

அவருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், எல்லார் முன்னாலும்தான் சொன்னார்.

"அம்மா, அவகிட்ட ஒண்ணும் இல்ல. கோளாறு என்கிட்டதான். அன்னிக்குப் பண்ணது ஹெர்னியா ஆபரேஷன் இல்லம்மா."

பாட்டு நின்றுவிட்டது. மாமியாரின் கண்ணில் நீர் கட்டியது. அப்பாடா, ஒருவழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

மாமியார் மகனின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா என் புள்ளைய! பொண்டாட்டி நாலு பேர் முன்னால தலைகுனியக் கூடாதுன்னு பழிய தன் மேலயே போட்டுக்கறான். இந்தக் காலத்துல எவன் செய்வான் இப்படி?"

ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி என் தாடையைத் தொட்டு, "குடுத்து வெச்சவம்மா நீ" என்றாள். ஹெர்னியா மாமாகூட வந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டு நின்றார்.

"மறுபடி சொல்லுங்க" என்றேன்.

"அதான் சொல்லிட்டேனே" என்றார்.