மேல்படி மண்

மேலே இருந்த மண் மழையில் கரைந்து கீழே போய்ப் படிந்தால், அது யாருடைய மண்? கூடைக்காரியின் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் கழிந்தது.

மலைச்சரிவில் படிகளாக வெட்டிய நிலம். மேல்படி அவள் புருஷனுடையது. நேர் கீழே இருந்தது கொழுந்தனுடையது. மழைக்காலம்தோறும் மேல்படி மண் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். ஊர் வழக்கப்படி, மழை ஓய்ந்ததும் மேலே உள்ளவர்கள் கூடையோடு வந்து தங்கள் மண்ணைச் சுமந்து ஏற்றிக்கொள்ளலாம். கீழே உள்ளவர் தடுக்கக்கூடாது. ஆனால் அவர் விதை போட்டுவிட்டால் அதோடு சரி. விதைத்த நிலத்தில் யாரும் கூடை வைக்கக்கூடாது.

கல்யாணமான வருஷமே கூடை அவள் முதுகில் ஏறியது. மரம் வெட்டப் போன புருஷன் மரத்துக்கடியிலேயே போய்ச் சேர்ந்த பிறகும் அது இறங்கவில்லை. மேல்படியில் விளைந்த கிழங்கும் மொச்சையும் அவளுக்கும் மகளுக்கும் எட்டு மாதச் சாப்பாடு. மீதி நான்கு மாதம் கூலி வேலை.

"தூங்கும்போதாவது அதை இறக்கி வைப்பியாக்கா?" என்று கொழுந்தன் பெண்டாட்டி கேலி செய்வாள்.

"இறக்கினா நீ தூக்கிட்டுப் போயிடுவியே" என்பாள் இவள்.

ஒரு வருஷம் நான்கு நாள் விடாத மழை. மேல்படியைத் தாங்கி நின்ற கல்கட்டு நடுவில் பிளந்து, மண் மொத்தமும் கீழே சரிந்தது. மேலே பாறை பல்லை இளித்தது. கீழே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண். தாயும் மகளும் ஆறு நாள் சுமந்தார்கள். ஒரு மூலைகூட மூடவில்லை. ஏழாம் நாள் விடியலில் இறங்கிப் போனபோது, கொழுந்தன் உழாத மண்ணில் கடுகு தூவிக்கொண்டிருந்தான்.

"இது விதைக்கிற பருவமா?"

"கையில கிடைச்சதைப் போட்டேன் அண்ணி." அவன் நிமிரவில்லை.

"அது என் மண்ணு."

"நானா போய்க் கூப்பிட்டேன்? தானா வந்துச்சு. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

அதுவும் பொய்யில்லை. அவன் நிலமும் அதுவரை அரைவயிற்று நிலம்தான். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். கடுகானாலும் விதை விதைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் மகள் நகரத்துத் துணி ஆலைக்குக் கிளம்பினாள். "நிலத்துல மண்ணு ஏறட்டும்மா, நான் வந்துடறேன்" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் கல்கட்டைத் திரும்பக் கட்டினாள். கூலி வேலை முடிந்த மாலைகளில், ஓடை வரைக்கும் போய்ப் பொறுக்கிய கல். கொழுந்தன் ஒரு பருவம் நிலத்தைச் சும்மா போட்டால் போதும், மண்ணை ஏற்றிவிடலாம். அவன் போடவில்லை; அறுத்த கையோடு விதைத்தான். இரண்டு வருஷத்தில் கட்டு முடிந்தது. "பானை ரெடி, சோறுதான் பாக்கி" என்று வழியில் போகிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

மூன்றாம் வருஷ மழையில் கொழுந்தன் நிலத்துக் கல்கட்டு வயிறு தள்ளியது. ஏறிய மண்ணின் பாரம் அதற்குத் தாங்கவில்லை. அதற்குக் கீழே வேறு நிலம் இல்லை, ஆறுதான்; கட்டு உடைந்தால் மண் முழுக்க ஆற்றோடு போய்விடும். முட்டுக்கொடுக்க அவன் கல் தேடி அலைந்தான். சரிவில் உதிரிக்கல் ஒன்றும் மிச்சமில்லை; எல்லாம் அவள் கட்டில் இருந்தது. அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் மூன்றும் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தன.

அவள் மேலே நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடப்பாரையை எடுத்துத் தன் கட்டின் மேல்வரிசையை நெம்பினாள். கல்லைக் கூடையில் வைத்துக் கீழே இறங்கினாள்.

"அண்ணி, அது உங்க..." என்று இழுத்தான் கொழுந்தன்.

"பிடி கல்லை" என்றாள்.

எல்லோருமாகச் சுமந்ததில் இருட்டுவதற்குள் அவன் கட்டு நின்றுவிட்டது. மேல்படியில் அடிவரிசைகூட இல்லை.

ஏன் என்று கொழுந்தன் பெண்டாட்டி அழுதுகொண்டே கேட்டாள். அந்த வருஷக் கடைசியில் இரண்டு நாள் லீவில் வந்த மகளும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். இரண்டு தடவையும் அவள் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.