மாதா படத்துக்குக் கீழே மூன்று பெட்டிகள்

ஆரோக்கியம் அண்ணனின் விழுப்புரம் ஸ்டுடியோவுக்கு இன்று காலை போனேன்.

ஒவ்வொரு கல்யாணப் படத்தையும் துண்டுகளாகப் பிரித்துச் சேமிக்க நெட்வொர்க்கில் மூன்று ஸ்டோரேஜ் பெட்டிகள் போட்டுக் கொடுத்தது நான்தான். எந்தப் பெட்டி கெட்டாலும் மற்ற இரண்டை வைத்து எல்லாப் படத்தையும் மீட்டுவிடலாம்.

அண்ணன் மூன்றையும் மாதா படத்துக்குக் கீழே ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தார். நேர் மேலே, கூரையில் மழை ஒழுகிய கறை.

"மாதா பார்த்துக்குவாங்கம்மா."

"மூணும் ஒண்ணா நனைஞ்சா அவங்களுக்கும் கஷ்டம்ணா. ஒண்ணு இங்க இருக்கட்டும். ஒண்ணு காணையில உங்க தங்கச்சி வீட்ல. இன்னொண்ணு திண்டிவனத்துல உங்க தம்பி ஸ்டுடியோவுல."

"அவங்கிட்டயா? என் கஸ்டமர் படத்தையெல்லாம் பார்த்துக்கினு உக்காந்திருப்பான்!"

"ஒரு பெட்டியை மட்டும் வச்சிக்கினு ஒரு படத்தைக்கூட முழுசா பார்க்க முடியாதுண்ணா."

"என்னமோ பண்ணு."

அவர் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட்டேன். ஒன்றைக் காணையில் இறக்கிவிட்டு, இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

தம்பி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"எத்தினி வருஷமா பேச்சே இல்ல. என்னை நம்பியா குடுத்தாரு?"

"ஆமாண்ணா. இது எப்பவும் ஆன்லயே இருக்கணும்."

"நான் ஏம்மா அணைக்கப்போறேன்?" என்றவர், அதைத் தன் கடை மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

சாயங்காலத்திலிருந்து மூன்று பெட்டிகளும் இன்டர்நெட்டில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. அண்ணனையும் தம்பியையும் இணைக்க வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கேபிள் என்னிடம் இருக்கிறது.